வெளியே ஒண்ணு தூக்கி, உள்ளே ஒண்ணு இறக்கி

எங்கள் ஊரில் வீட்டுக்கு வெளியே வெளிச்சம் கூடுதல், உள்ளே குறைச்சல். வேலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். பங்குனி பிறந்தால் போதும், காலை பத்து மணிக்கே ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, ஃபேனுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறோம். திரும்பத் திறப்பது சாயந்திரம் ஆறு மணிக்கு. ஆக, வெளிச்சுவர் கண் கூசுகிற வெயிலில் நிற்கிறது. உள்சுவரோ பகலை அரை இருட்டிலும் இரவை டியூப்லைட்டிலும் கழிக்கிறது. இந்த இரண்டுக்கும் பெயிண்ட் கடையில் ஒரே மேஜையில், ஒரே விளக்கின் கீழ், ஒரே கலர் கார்டை விரித்து வைத்துக்கொண்டு நிறம் தேடுகிறோம். பாதிக் கோளாறு அங்கேயே ஆரம்பமாகிவிடுகிறது.

சத்துவாச்சாரியில் அப்பா கட்டிய வீட்டுக்கு இந்த வருஷம் மாசியில் உள்ளும் வெளியும் சேர்த்துப் பெயிண்ட் அடித்தோம். அடித்தோம் என்றால், மேஸ்திரியும் அவர் ஆட்களும் அடித்தார்கள். நாங்கள் குடும்பமாகச் சண்டை போட்டோம். அப்பாவுக்கு எல்லாம் வெள்ளையாக இருக்க வேண்டும். அம்மாவுக்குச் சந்தனக் கலர். தம்பிக்கு, இப்போது புது லேஅவுட்களில் கட்டுகிறார்களே, அடர்ந்த சாம்பல் முகப்பில் நடுவே ஒரு ஆரஞ்சுப் பட்டை, அதுதான் வேண்டும். அவன் பெங்களூரில் இருக்கிறான், வீடியோ காலில்தான் சண்டை. நான் மேஸ்திரி பக்கம் சாய்ந்துகொண்டேன். இந்த ஊர்ச் சுவர்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தே தலை நரைத்தவர் அவர்.

அவர் சொன்ன கணக்கு இதுதான்: “கார்டுல பாக்கறது வேற சார், செவுத்துல ஏறுனா வேற. வெளில ஒண்ணு தூக்கிப் புடிங்க, உள்ள ஒண்ணு எறக்கிப் புடிங்க.”

கலர் கார்டில் ஒரே நிறம் வெளிர் முதல் அடர்த்தி வரை ஒரு பட்டையாக வரிசையாக இருக்கும். வெளிச்சுவருக்கு உங்களுக்குப் பிடித்ததைவிட ஒரு படி அடர்த்தியானதை எடுக்க வேண்டும். நண்பகல் வெயிலில் எந்த நிறமும் வெளுத்துத்தான் தெரியும்; கடையில் அழகான இளஞ்சந்தனமாக இருந்தது தெருவில் நின்று பார்த்தால் அழுக்கு வெள்ளையாகிவிடும். உள்ளே கதை தலைகீழ். ஒரு அறையின் நான்கு சுவர்களும் ஒன்றின் மேல் ஒன்று வெளிச்சத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. மஞ்சள் சுவரில் பட்ட வெளிச்சம் மஞ்சளாகத் திரும்பி எதிர்ச் சுவரில் பட்டு, இன்னும் மஞ்சளாகித் திரும்புகிறது. விரல் அகலச் சதுரத்தில் மென்மையாக இருந்த நிறம், பத்துக்குப் பன்னிரண்டு அறையில் நான்கு பக்கமும் ஏறியதும் கத்த ஆரம்பிப்பது இதனால்தான். அதற்காகத்தான் உள்ளே ஒரு படி கீழே இறங்குவது. உள்ளறை இருட்டாக இருந்தால் இரண்டு படி இறங்கினாலும் தப்பில்லை.

நிறத்துக்காக இவ்வளவு திண்டாடுவது எப்போது வந்தது என்று யோசித்தால், சுண்ணாம்பு போன பிறகுதான் என்று தோன்றுகிறது. ஆற்காட்டுப் பக்கம் தாத்தா வீட்டில் போகிக்கு முன்னால் வெள்ளையடிப்பு நடக்கும். கல் சுண்ணாம்பை டிரம்மில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது தானாகவே கொதிக்கும்; பிள்ளைகளைக் கிட்டே விட மாட்டார்கள். ஆறிய பிறகு வடிகட்டி, வஜ்ஜிரப் பசை கரைத்து ஊற்றி, துணியில் முடிந்த நீலத்தை நாலு முக்கு முக்கி எடுப்பார்கள். அடிக்கும்போது சுவரில் ஒன்றுமே தெரியாது. ஈரத்தில் பழைய கறையெல்லாம் அப்படியே பல்லைக் காட்டும். ‘என்னப்பா, வெறும் தண்ணியா அடிக்கிறே’ என்று பாட்டி குறைப்பட்டுக்கொள்வாள். மத்தியானம் காய ஆரம்பித்ததும் ஓரத்திலிருந்து வெள்ளை ஏறிக்கொண்டே வரும். அப்புறம் நாள்பட நாள்பட அந்தச் சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு, சுட்டு எடுப்பதற்கு முன்னால் எந்தக் கல்லாக இருந்ததோ அந்தக் கல்லாகவே சுவரில் இறுகிவிடும்.

அதில் நிறம் சேர்க்கவும் ஒரு எல்லை இருந்தது. சுண்ணாம்பின் காரம் பெரும்பாலான சாயங்களைத் தின்றுவிடும். தாக்குப் பிடித்தவை சொற்பம்: செங்காவி, மஞ்சள் காவி, நீலம், ஒன்றிரண்டு பச்சை. காவி என்பது இரும்பு ஆக்சைடு, கிட்டத்தட்ட மண். பொடியைக் கூடுதலாகப் போட்டால் சுவரில் சாய்ந்தவர் சட்டையில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் யாரும் அளவு மீறவில்லை. அடியில் சுண்ணாம்பின் வெள்ளை வேறு இருப்பதால் எல்லாமே வெளிர்தான். அதனால் ஒரு தெரு முழுக்க வெளிர்நீலமும் வெளிர்மஞ்சளும் வெள்ளையுமாக, யாரும் உட்கார்ந்து திட்டம் போடாமலே ஒன்றுக்கொன்று பொருந்தி நின்றன. இப்போது கடையில் கலர் மிக்சிங் மிஷின் இருக்கிறது, ஆயிரத்துக்கு மேல் ஷேடு இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பது அந்தச் சாமிக்குத்தான் வெளிச்சம்.

சரி, வெளிச்சுவருக்கு வருவோம். இங்கே நிறத்தைத் தீர்மானிப்பவை மூன்று: வெயில், புழுதி, மழைத் தண்ணீர் இறங்கும் தடம். நம் ரசனை நாலாவதாக வரிசையில் நிற்கலாம்.

வெயில் எந்தச் சுவரில் எப்போது விழுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தெற்குச் சுவர்தான் காய்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். மார்கழியில் அது உண்மை. சூரியன் தெற்கே சாய்ந்து போகிற காலம் அது, தெற்குச் சுவருக்கு நாள் முழுக்க வெயில். ஆனால் வேலூர் இருப்பது ஏறத்தாழ 13 டிகிரி வடக்கில். ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதைத் தாண்டி வடக்கே போய்விடுகிறது. ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில்தான் திரும்பி உச்சிக்கு வருகிறது. ஆகவே அக்னி நட்சத்திரத்தில் நாம் வெந்துகொண்டிருக்கும்போது தெற்குச் சுவரில் நேர் வெயிலே படாது. அப்போது அடி வாங்குபவை மொட்டை மாடியும் மேற்குச் சுவரும். மாடியில் காலையிலிருந்து மாலை வரை, மேற்குச் சுவரில் மத்தியானம் இரண்டிலிருந்து அஸ்தமனம் வரை. கிழக்குச் சுவரும் காலையில் காய்கிறதுதான், ஆனால் ராத்திரி முழுக்க ஆறிய சுவர் அது. மேற்குச் சுவர் ஏற்கெனவே சூடேறிய காற்றுக்குள் நின்று வெயில் வாங்குகிறது. அந்தச் சூடு மெல்ல உள்ளே நடந்து வந்து, நாம் படுக்கப் போகும் நேரத்தில் படுக்கையறைக்குள் வந்து சேர்கிறது.

தம்பி கேட்ட அடர்சாம்பல் இங்கேதான் அடிபட்டது. எங்கள் வீட்டு முகப்பு மேற்கு பார்த்தது. அடர்ந்த நிறம் விழுகிற வெயிலில் பெரும் பங்கை விழுங்கிவிடும், வெளிர் நிறம் பெரும் பங்கைத் திருப்பி அனுப்பும். வடக்கு பார்த்த முகப்பாக இருந்து, முன்னால் ஒரு புங்கமரமும் இருந்தால் சாம்பலைப் பற்றிப் பேசலாம். மேற்கு முகப்பில் அதை அடித்துவிட்டு உள்ளே ஏ.சி. போட்டுக்கொண்டு உட்காருவது எனக்குச் சம்மதமில்லை. அதே சமயம், வெளிச்சுவருக்கு வெளிர் நிறம் அடித்துவிட்டால் வீடு குளுகுளுவென்று ஆகிவிடும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். ஒரு மாடி வீட்டுக்குச் சூடு அதிகம் இறங்குவது மேலிருந்துதான். கையில் இருக்கும் பணத்தில் மொட்டை மாடித் தரைக்கு முதலில் வெள்ளை அடித்துவிட்டு, அப்புறம் சுவரைப் பற்றி யோசிக்கலாம். சுண்ணாம்பே போதும், வருஷா வருஷம் வெயில் காலத்துக்கு முன்னால் ஒரு கை அடிக்க வேண்டும், புழுதி படிந்தால் அதன் வேலை பாதியாகிவிடும்.

புழுதி என்றதும் அப்பாவின் வெள்ளை ஞாபகம் வருகிறது. நெடுஞ்சாலைக்கு இவ்வளவு கிட்டே, இவ்வளவு லாரி ஓடும் ஊரில், வெளிச்சுவருக்கு வெள்ளை அடிப்பவர்களுக்கு மனத்தைரியம் வேண்டும். இன்னொரு சிக்கல் சன்ஷேடு. அதன் மேல் படிந்த மண் முதல் மழையில் கரைந்து, ஓரத்திலிருந்து சுவரில் கறுப்புக் கோடுகளாக வழியும். கைப்பிடிச் சுவரின் தலையிலிருந்தும் அப்படித்தான். எந்த நல்ல பெயிண்டும் இந்தக் கோட்டைத் தடுக்காது. சன்ஷேடின் அடிப்பக்க ஓரத்தில் தண்ணீர் சொட்டி விழுவதற்கு ஒரு காடி விட்டுக் கட்டியிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் மேஸ்திரி சிமெண்டில் ஒரு சின்ன வரம்பு பிடித்துக் கொடுப்பார். எங்கள் வீட்டில் அதைச் செய்த பிறகுதான் டப்பாவையே திறந்தார். “இத்த வுட்டுட்டு கலரு பாத்து இன்னா சார் பிரயோஜனம்?”

தூசி எந்த நிறமோ அதற்குப் பக்கத்து நிறமாகச் சுவரும் இருந்துவிட்டால் பாதிப் பிரச்சினை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். நம் பக்கத்துத் தூசி செம்பழுப்பு. சந்தனம், பிஸ்கட் கலர், சோள மஞ்சளில் கொஞ்சம் சாம்பல் கலந்தது, வெளிறிய செங்கல், இவையெல்லாம் புழுதியோடு சமாதானமாகப் போகும். வெளிர்நீலத்திலும் ஊதாவிலும் அதே புழுதி அழுக்காகத் தெரியும். நிற்கும் காலமும் அப்படித்தான். காவி வகை நிறங்கள் இரும்பு ஆக்சைடில் பிறப்பவை, வெயிலுக்கு அசைவதில்லை. வாடாமல்லி, பளிச்சென்ற ரோஸ், பளிச்சென்ற மஞ்சள் போன்றவற்றுக்கு வேறு சாயங்கள் வேண்டும். மேற்கு வெயிலில் அவை சீக்கிரம் வெளுக்கின்றன. வெளுப்பதும் ஒரே சீராக வெளுக்காது. சன்ஷேடு நிழல் விழும் இடத்தில் பழைய நிறமும் அதற்குக் கீழே புது நிறமுமாக, வீட்டுக்கு இரண்டு கலர் ஆகிவிடும்.

பழைய வீடுகளில் சுவரின் அடிப்பாகத்தில் இரண்டடிக்குக் காவி அடித்திருப்பார்கள். அதை அலங்காரம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மழை பெய்யும்போது வாசலில் நின்று பாருங்கள். மண்ணில் விழும் துளி தெறித்துச் சுவரில் எவ்வளவு உயரம் ஏறுகிறதோ, கிட்டத்தட்ட அந்த உயரம்தான் அந்தப் பட்டை. எங்கள் காம்பவுண்டுச் சுவருக்கும் வீட்டின் அடிக்கும் அந்தப் பட்டையைத் திரும்பக் கொண்டுவந்தோம், எக்ஸ்டீரியர் எமல்ஷனில், செங்கல்லைவிடக் கொஞ்சம் அடர்த்தியாக. அம்மாவுக்கு அதில் பரம திருப்தி. அவள் ஆரணிக்காரி. பட்டுச்சேலைக்குக் கரை மாதிரி, உடல் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் கரை அழுத்தமாக இருந்தால் எடுப்பாக இருக்கும் என்றாள். தம்பிகூட அதற்கு மறுப்பு சொல்லவில்லை.

வேலூரில் இன்னொரு விஷயம் இருக்கிறது, பின்னணி. எந்தத் தெருவில் நின்றாலும் வீட்டுக்குப் பின்னால் ஒரு மலை நிற்கும். பாறை மலை; மழைக்குப் பிறகு கொஞ்ச நாள் பச்சை, மற்றபடி பழுப்பும் சாம்பலும். கோட்டையும் அதே கருங்கல்தான். இந்தப் பின்னணிக்கு முன்னால் காவியும் சந்தனமும் சுண்ணாம்பு வெள்ளையும் இயல்பாக உட்காருகின்றன. கிளிப்பச்சை வீடு ஒன்று எங்கள் தெருமுனையில் இருக்கிறது. வழி சொல்வதற்கு ரொம்ப வசதி, அதை மறுக்க மாட்டேன்.

இரண்டு நிறம் சேர்க்கும்போது ஒரு முன்னெச்சரிக்கை. தமிழ்நாட்டில் எந்த இரண்டு நிறத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் அது ஏதோ ஒரு கட்சிக் கொடியாகிவிட வாய்ப்பிருக்கிறது. மூன்று வைத்தால் நிச்சயம். முகப்புத் தூண்களுக்கு நாங்கள் முதலில் நினைத்த ஜோடியைக் கேட்டதும் மேஸ்திரி சிரித்தார். “எலெக்‌ஷன் வந்தா ஒரு பக்கம் ஓட்டு கேக்க வரமாட்டான், இன்னொரு பக்கம் காசு குடுக்காம போயிடுவான்.” ஜோடியை மாற்றிக்கொண்டோம்.

இனி உள்ளே. உள்ளே நிறம் தேடும்போது நான் கலர் கார்டை எடுப்பதற்கு முன்னால் தரையைப் பார்க்கச் சொல்வேன். தரையை மாற்றப் போவதில்லை, கதவை மாற்றப் போவதில்லை, சமையல் மேடைக் கருங்கல்லை மாற்றப் போவதில்லை. எங்கள் வீட்டில் ஹாலில் ரெட் ஆக்சைடு தரை. இன்றைக்கு இப்படித் தரை போடும் ஆளே குறைந்துவிட்டார்கள். தேய்ந்து தேய்ந்து கண்ணாடியாக மின்னுகிறது. அதன் மேல் விழும் வெளிச்சம் சிவந்து சுவரின் அடிப்பாகத்தில் ஏறும். அதனால் ஹாலுக்கு ரோஸ் கலந்த க்ரீமை எடுத்தால் வெங்காயத்தோல் நிறத்தில் போய் நிற்கும். கொஞ்சம் பச்சை சாய்ந்த க்ரீம் எடுத்தோம். தரைச் சிவப்பும் அதுவும் சேர்ந்து, எங்கே நின்று பார்த்தாலும் மென்மையான மோர் நிறம். வெள்ளை டைல்ஸ் போட்டவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் வெள்ளைத் தரைக்கு வெள்ளைச் சுவரும் சேர்ந்தால் டியூப்லைட்டில் ஆஸ்பத்திரி வார்டுக்குள் வந்த மாதிரி இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் பேர்போன இந்த ஊரில் அது கொஞ்சம் அதிகமாகவே உறைக்கும்.

விளக்கு விஷயம் தரையைவிடப் பெரிது. எல்.இ.டி. வாங்கும்போது அட்டைப்பெட்டியில் 6500 கே என்றோ 4000 கே, 3000 கே என்றோ போட்டிருக்கும். 6500 என்பது நீலம் சாய்ந்த வெள்ளை. நம் வீடுகளில் பெரும்பாலும் இதுதான். இதற்கு அடியில் சந்தனமும் க்ரீமும் உயிர் போனது போலச் சாம்பல் தட்டும். 3000 மஞ்சள் வெளிச்சம். அதில் வெளிர்நீலம் பச்சையாகும், சாம்பல் பழுப்பாகும். கடையில் பார்த்த நிறம் கடை விளக்கின் நிறம், அவ்வளவுதான். பகலில் ஜன்னல் சாத்திய வீட்டில் விளக்குதான் சூரியன். அதனால் முதலில் எந்த விளக்கு என்று முடிவு செய்துவிட்டு, அந்த விளக்கைப் போட்டு, அந்தச் சுவரிலேயே மாதிரி பார்க்க வேண்டும். ஹாலில் நாங்கள் 4000க்கு மாறினோம். அம்மாவின் சந்தனக் கலருக்கு அந்த விளக்குதான் நீதி வழங்கியது. அதுவரை அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

மாதிரி பார்ப்பது என்றால் விரல் தடவிப் பார்ப்பது இல்லை. ஒரு லிட்டர் டப்பா கலந்து வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி, இரண்டு கோட் அடித்து, மறுநாள் பார்க்க வேண்டும். எமல்ஷன் ஈரத்தில் பால் கலந்த மாதிரி வெளிறித் தெரியும், காய்ந்தால் அடர்த்தி ஏறும். சுண்ணாம்புக்கு நேர் எதிர். ‘நான் கேட்ட கலர் இது இல்லையே’ என்று ஈரச் சுவரைப் பார்த்துக் கடைக்குச் சண்டைக்குப் போனவர்கள் உண்டு. மாதிரியைச் சுற்றி ஒரு சாண் வெள்ளை விட்டு அடிப்பது நல்லது, இல்லாவிட்டால் பழைய நிறம் பக்கத்தில் நின்று கண்ணைக் குழப்பும். காலையில் ஒரு தடவை, ஜன்னல் சாத்திய பிறகு ஒரு தடவை, விளக்கு போட்ட பிறகு ஒரு தடவை பார்த்தால் முடிவுக்கு வந்துவிடலாம்.

சீலிங்குக்கு வெள்ளை. இதில் எனக்கு வாதமே கிடையாது. பத்தடி உயர அறையில் மேலேயும் நிறம் ஏற்றினால் இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் அது தின்றுவிடும். ஒரு சுவருக்கு மட்டும் அடர்ந்த நிறம் அடிப்பது இப்போது வழக்கமாகியிருக்கிறது. அதையும் ஒன்றும் சொல்லவில்லை, டி.வி.க்குப் பின்னால் இருந்தால் கண்ணுக்குக்கூட நல்லது. ஆனால் அடர்சிவப்பு, அடர்மஞ்சள் போன்றவற்றில் வெள்ளை நிறமி மிகக் குறைவு. அடியில் இருப்பது ஊடுருவித் தெரியும், இரண்டு கோட்டில் முடியாது. கடைக்காரர் லிட்டர் விலையும் கூடுதலாகச் சொல்வார். அந்த ஒரு சுவர் மற்ற மூன்று சுவருக்கும் சேர்த்துச் செலவு வைக்கும்.

மினுமினுப்பு எவ்வளவு என்பதும் நிறத்தின் ஒரு பாகம்தான். ஷீன் உள்ள பெயிண்ட் துடைக்க வசதி, ஆனால் சுவரின் மேடுபள்ளத்தை ஊருக்கே காட்டிக்கொடுக்கும். டியூப்லைட்டைச் சுவரின் உச்சியில் மாட்டும் வழக்கம் நமக்கு இருப்பதால் வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு இறங்குகிறது. பட்டி பார்த்த கரண்டித் தடம் ஒவ்வொன்றும் நிழல் போட்டு நிற்கும். எங்கள் மேஸ்திரி இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பட்டி காய்ந்த அன்று சாயந்திரம் எல்லா விளக்கையும் அணைக்கச் சொல்லி, வயர் நீட்டிய ஒரு பல்பைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழாக மெதுவாக நகர்த்தினார். பகலில் வழவழவென்று இருந்த சுவரில் அலை அலையாகத் தெரிந்தது. இடது கையில் பல்பு, வலது கையில் பென்சில். பள்ளத்துக்கு ஒரு வட்டம், மேட்டுக்கு ஒரு பெருக்கல் குறி. மறுநாள் அந்தக் குறிகளை மட்டும் பார்த்துத் தேய்த்தார்கள், நிரப்பினார்கள். அப்பா பக்கத்தில் நின்று, அவர் விட்டுவிட்ட ஒரு பள்ளத்தைத் தானே கண்டுபிடித்து வட்டம் போட்டார். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டின்போது அதை எல்லோருக்கும் சொன்னார்.

எங்கெங்கே கை படும், தலை படும் என்பதையும் நினைக்க வேண்டும். தரையில் உட்கார்ந்து சுவரில் சாயும் குடும்பம் எங்களுடையது. சாய்கிற இடத்தில் தலை எண்ணெய் வரிசையாக வட்டம் போடும், உயரத்தை வைத்து யார் தலை என்றே சொல்லிவிடலாம். அந்த உயரம் வரைக்கும் துடைக்கக்கூடிய பெயிண்ட், மேலே மேட். பழைய அரசுப் பள்ளிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் நாலடிக்குப் பச்சையோ பழுப்போ எனாமல் அடித்து, மேலே சுண்ணாம்பு அடித்திருப்பார்களே, அதே யோசனைதான். அதைக் கேலி செய்தது போதும். பூஜை அறையில் விளக்குக் கரி, சமையலறையில் தாளிப்பு, அங்கெல்லாம் நிறத்தைவிடத் துடைப்புதான் முக்கியம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். வாஸ்துப்படி எந்தத் திசைக்கு எந்த நிறம் என்று எங்கள் உறவில் இரண்டு பேரைக் கேட்டோம், மூன்று பதில் வந்தது.

எந்த நிறம் எடுத்தாலும் அதைக் கெடுக்கப் பிறந்தது, சுவரில் ஏறும் ஈரமான ஓதமும் உப்பும். பாலாற்றங்கரை ஊர்களில் இதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்து இந்த ஆற்றுப் படுகையின் நிலத்தடி நீர் கெட்டது ஊரறிந்த கதை; வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கைக்காக இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படுகிறது. அப்படி உப்பேறிய தண்ணீரில் கலவை போட்டு, அதே தண்ணீரில் நனைத்த சுவர், காயும்போது உப்பைப் பூவாக வெளியே தள்ளும். பெயிண்ட் அதன் மேல் ஒட்டாது. பொரிந்து, செதில் செதிலாக விழும். அதை மறைக்க அடர்ந்த நிறம் அடிப்பது வீண் வேலை, அடர்ந்த நிறத்தில்தான் வெள்ளைப் பூ பளிச்சென்று தெரியும். சுரண்டி, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்து, தண்ணீர் எங்கிருந்து ஏறுகிறது என்று பார்த்து அடைத்துவிட்டு, அப்புறம் பிரைமர். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் அது கரைந்து திரும்ப உள்ளேதான் போகும்.

புது வீட்டுக்கு இன்னொரு அவசரம் உண்டு, முகூர்த்தம். மார்கழியில் புதுமனை புக மாட்டோம், தையில் புகுந்தே ஆக வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் பூச்சு வேலை முடிந்திருக்கும்; சுவர் காயாமலே பட்டி, பிரைமர், பெயிண்ட். பூசிய சுவரை ஒரு மாதமாவது காய விட வேண்டும், மழைக்காலத்தில் இன்னும் கூட. காயாத பச்சைச் சுவரில் காரம் அதிகம். அதன் மேல் அடித்த நிறம் அங்கங்கே வெளுத்துத் திட்டுத் திட்டாகும். குடியாத்தத்தில் சித்தி வீட்டுக்கு அப்படித்தான் ஆனது. மேஸ்திரி ஒரு யோசனை சொல்கிறார்: கிரகப்பிரவேசத்துக்கு வெறும் வெள்ளை பிரைமரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பங்குனியில் நிறம் ஏற்றலாம். மாவிலைத் தோரணத்துக்கு வெள்ளைச் சுவர் எடுப்பாகவே இருக்கும்.

மாசியிலிருந்து பங்குனிப் பாதி வரை வெளி வேலைக்கு இந்தப் பக்கம் நல்ல காலம். மார்கழிப் பனியில் காலையில் சுவர் நனைந்திருக்கும். சித்திரையில் சுவர் சுடும், அடித்த பெயிண்ட் பரவுவதற்குள் காய்ந்து ரோலர் ஓரம் பட்டையாக நிற்கும். ஆனி ஆடியிலும் நமக்குச் சாயந்திர இடிமழை உண்டு, நம்ப முடியாது. மாசியிலும்கூட அவர்கள் நிழலைத் துரத்திக்கொண்டுதான் வேலை பார்த்தார்கள்: காலையில் மேற்குப் பக்கம் சாரம், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிழக்குப் பக்கம்.

டப்பா விஷயத்தில் ஒன்று. மிஷினில் கலக்கும்போது ஷேடு எண் ஒன்றாக இருந்தாலும் இரண்டு பக்கெட்டுக்கு நடுவே மயிரிழை வித்தியாசம் வரும். ஒரே சுவருக்கு வேண்டியதை ஒன்றாக வாங்கி, ஒரு பெரிய டிரம்மில் ஊற்றிக் கலந்துவிட்டால் சுவரின் நடுவில் கோடு தெரியாது. மீதியை மூடி இறுக்கி, மூடி மேல் ஷேடு எண், எந்த அறை, எந்த மாதம் என்று எழுதி வைக்க வேண்டும். அடுத்த டச்-அப்புக்கு அந்த ஒரு வரிதான் உதவும்.

இரும்புக்கும் மரத்துக்கும் அடிக்கும் எனாமலில் ஒரு எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும். பழைய மஞ்சள், ஆரஞ்சு, பச்சை எனாமல்களில் ஈயம் சேர்ந்த நிறமி இருந்தது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு 2016இல் விதி போட்டு, 2017 நவம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த ஜன்னல் கம்பிகளை உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் வீடெல்லாம் பறக்கும். நனைத்துத் தேய்க்க வேண்டும், குழந்தைகளை அன்றைக்கு வேறு வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். தம்பி மகளை நாங்கள் காட்பாடி அத்தை வீட்டில் விட்டோம்.

எல்லாம் முடிந்தது, கேட் மட்டும் பாக்கி. அப்பாவுக்கு சில்வர் கலர், அம்மாவுக்கு அரக்கு, தம்பி இன்னமும் சாம்பலை விடவில்லை. மேற்கு வெயில் கேட்டுக்கு அடித்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்பதால் நான் தம்பிக்கு விட்டுக்கொடுக்கலாம் என்கிறேன். ரெட் ஆக்சைடு பிரைமரோடு நிற்கிறது. பிரைமரை நெடுநாள் வெயிலில் அப்படியே விட்டால் தூளாகிவிடும் என்று மேஸ்திரி போனிலேயே திட்டுகிறார். அவர் இப்போது வாலாஜாவில் ஒரு கல்யாண மண்டப வேலையில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் நாங்கள் ஒரு டப்பா வாங்கி வைக்க வேண்டும்.